விளக்கேற்ற யாரிடம் அனுமதி கேட்பது?

2025 டிசம்பர் 10 அன்று டெல்லி செங்கோட்டையில் கூடிய யுனெஸ்கோ குழு, தீபாவளியை மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. கல்லாலும் மண்ணாலும் ஆகாத மரபுகளுக்கான பட்டியல் அது. பாட்டு, கூத்து, சடங்கு, கைத்தொழில், வாய்மொழி என்று கையில் பிடிக்க முடியாதவற்றை அதில் எழுதி வைக்கிறார்கள். அருவப் பண்பாட்டு மரபு என்று தமிழில் சொல்கிறோம்.

அன்றைக்கு வெம்பக்கோட்டைப் பக்கம் யாரும் இனிப்பு கொடுத்ததாக எனக்குத் தெரியவில்லை. அலுமினியத் தூள் படிந்து வெள்ளி பூசினதுபோல் இருக்கும் கைகளோடு நம் சனங்கள் வழக்கம்போல் ஆலை வேனில் ஏறிப் போனார்கள், வழக்கம்போல் இறங்கினார்கள். தீபாவளிக்கு ஒளி கொடுக்கிற பூமி இது. முதலிப்பட்டியில் 2012 செப்டம்பர் 5 அன்று 38 பேருக்குக் குறையாமல் வெந்து செத்தார்கள். அச்சங்குளத்தில் 2021 பிப்ரவரி 12 அன்று இருபது பேரைத் தாண்டியது. இந்தச் சாவுகளுக்கு மரபும் கிடையாது, பட்டியலும் கிடையாது.

ஆனால் நான் எழுத வந்தது பட்டாசு பற்றி அல்ல. அந்தச் செய்தி வந்ததிலிருந்து தமிழ் உணர்வுள்ள நண்பர்கள் பலர் ஒரே பல்லவியைப் பாடுகிறார்கள். "வடக்கன் தீபாவளியைக் கொண்டுபோய் ஏற்றிவிட்டான். நாம் பறையை ஏற்றவேண்டும், தெருக்கூத்தை ஏற்றவேண்டும், ஈழத்து நினைவேந்தலை ஏற்றவேண்டும்." நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். ஆனால் கேள்வியே தப்பு. ஆக்கிரமிக்கப்பட்ட மண்ணில் ஒரு சனத்தின் மரபைக் காப்பது எப்படி என்று கேட்டுவிட்டு, அதற்கு விடையாக ஒரு விண்ணப்பப் படிவத்தை நீட்டுகிறார்கள். அந்தப் படிவத்தில் கையெழுத்துப் போடுகிறவன் யார் என்று பார்த்தார்களா?

அரசுதான் போட வேண்டும். 2003ஆம் ஆண்டு உடன்படிக்கையின் ஏற்பாடு அப்படி. மரபு யாருடையது என்று வரையறுக்கும் இடத்தில் அழகாக எழுதியிருக்கிறார்கள்: எந்தச் சமூகம் அதைத் தன்னுடையது என்று ஏற்கிறதோ அதனுடைய மரபு அது, தலைமுறைக்குத் தலைமுறை புதுப்பிக்கப்படுவது அது. படிக்கும்போது நெஞ்சு நிறையும். ஆனால் பட்டியலுக்குப் பெயர் கொடுக்கும் இடத்துக்கு வந்ததும் சமூகம் மறைந்துவிடுகிறது, 'உறுப்பு நாடு' வந்து நாற்காலியில் உட்கார்ந்துகொள்கிறது. சமூகத்தின் ஒப்புதல் கடிதம் ஒன்றை இணைக்க வேண்டும் என்பது விதிதான். நம் கிராமசபைத் தீர்மானங்களில் எப்படிக் கையெழுத்து வாங்குகிறார்கள் என்று தெரிந்தவர்களுக்கு அந்தக் கடிதத்தைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை.

இந்தியா இதுவரை ஏற்றியவை 16. முதலில் ஏறியவற்றுள் ஒன்று வேதம் ஓதுதல். காதில் விழுந்தால் ஈயத்தைக் காய்ச்சி ஊற்று என்று யாருக்குத் தண்டனை எழுதி வைத்தார்களோ, அவர்கள் உட்பட மனிதகுலம் முழுவதற்கும் அது மரபு என்று 2008இல் ஆனது. ராம்லீலா இருக்கிறது, கும்பமேளா இருக்கிறது, துர்கா பூஜை இருக்கிறது, யோகா இருக்கிறது. எண்ணிப் பாருங்கள், பறை இல்லை, தமிழகத் தெருக்கூத்து இல்லை. இது மறதி என்றா நினைக்கிறீர்கள்? ஒரு அரசு தன் முகத்தைக் கண்ணாடியில் பார்த்துக்கொள்ளும் பட்டியல் அது. கண்ணாடியில் சேரி தெரியாது.

இதற்கே மனம் நோகிறவர்கள் சீனாவைப் பார்க்க வேண்டும். திபெத்திய இசை நாடகம் 2009இல் பட்டியலில் ஏறியது. ஏற்றியது யார்? பெய்ஜிங். உய்குர் மக்களிடையே மஷ்ரப் என்றொரு கூடுகை உண்டு. ஊர் கூடி உட்கார்ந்து பாடி, ஆடி, நையாண்டி செய்து, தப்பு செய்தவனை நாலு பேர் நடுவில் விசாரித்து நல்லது கெட்டது பேசிக் கலைவார்கள். தொண்ணூறுகளின் நடுவில் குல்ஜா நகரத்து இளைஞர்கள் குடியையும் போதையையும் ஒழிக்க இந்த மஷ்ரபைத்தான் கையில் எடுத்தார்கள். சனம் தானாகக் கூடுகிறது என்றதும் அரசுக்கு வேர்த்துவிட்டது. தடை செய்தார்கள். 1997 பிப்ரவரியில் அந்த நகரத்துத் தெருவில் போராடியவர்கள் மேல் என்ன நடத்தினார்கள் என்பது உலகம் அறிந்தது. அதே சீனா அதே மஷ்ரபை 2010இல் யுனெஸ்கோவிடம் கொண்டுபோய் "அவசரமாகக் காப்பாற்றப்பட வேண்டிய மரபு" என்ற பட்டியலில் ஏற்றியது. யாரிடமிருந்து காப்பாற்ற? அந்தக் கேள்விக்குப் படிவத்தில் கட்டம் இல்லை. இன்றைக்கு மேடையில் சரிகை உடுப்போடு மஷ்ரப் ஆடலாம், சுற்றுலாப் பயணி கைதட்டலாம். வீட்டு முற்றத்தில் நாலு பேர் கூடினால் போலீஸ் வரும்.

இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் ஈழம் புரியும். பிறகு பரமக்குடியும் புரியும்.

போர்க்காலத்தில் பண்பாட்டைக் காக்கச் சட்டமே இல்லையா என்று கேட்பார்கள். இருக்கிறது. 1954 ஹேக் உடன்படிக்கை, நினைவுச் சின்னங்களையும் நூலகங்களையும் சுவடிகளையும் காப்பது பற்றிப் பேசுகிறது. அத்தனையும் பொருள். 1949 ஜெனீவா நான்காம் உடன்படிக்கையின் 27ஆம் பிரிவு, ஆக்கிரமிக்கப்பட்ட மண்ணிலுள்ள மக்களின் சமய நம்பிக்கைகளையும் வழிபாட்டையும் வழக்கங்களையும் மதிக்க வேண்டும் என்கிறது. இருக்கிற சட்டத்தில் நமக்குக் கொஞ்சம் நெருக்கமாக வருவது இந்த வரிதான். ஆனால் இது ஈழத்துக்குப் பாயாது. ஏன்? கொழும்பைக் கேட்டால் வடக்கும் கிழக்கும் எங்கள் நாடு, அங்கே நிற்பது எங்கள் ராணுவம், ஆக்கிரமிப்பு எங்கே இருக்கிறது என்பான். உலக நாடுகளும் தலையாட்டும். காசாவுக்கும் மேற்குக் கரைக்கும் ஆக்கிரமிப்பு என்ற சொல்லாவது சட்டப் புத்தகத்தில் கிடைத்திருக்கிறது. பாலஸ்தீனம் 2011இல் யுனெஸ்கோவில் உறுப்பு நாடாகச் சேர்ந்ததால் 2021இல் தன் பூத்தையல் கலையைத் தானே பட்டியலில் ஏற்ற முடிந்தது. ஈழத் தமிழருக்கு அந்தச் சொல்லும் இல்லை, அந்த நாற்காலியும் இல்லை.

இலங்கை 2008இல் இந்த 2003 உடன்படிக்கையில் சேர்ந்தது. வருஷத்தைக் கவனியுங்கள். வன்னியில் ஷெல் விழுந்துகொண்டிருந்த வருஷம். 2018இல் ரூகட என்ற சிங்களப் பொம்மலாட்டத்தை ஏற்றினார்கள், 2021இல் தும்பறைப் பாய் நெசவை ஏற்றினார்கள். இரண்டும் ஏழைக் கலைஞர்களுடைய நல்ல கலைகள், எனக்கு அவர்களோடு சண்டை இல்லை. ஆனால் மரபைக் காக்கும் வேலையைத் தமிழர், முஸ்லிம்கள் வாழும் கிழக்கில் அந்த அரசு யாரிடம் கொடுத்தது தெரியுமா? 2020 ஜூனில் கிழக்கு மாகாணத் தொல்லியல் மரபுகளுக்காகக் குடியரசுத் தலைவர் செயலணி ஒன்றை அமைத்தார் கோட்டாபய ராஜபக்ச. தலைவர் பாதுகாப்புச் செயலாளர், அதாவது முன்னாள் ராணுவ அதிகாரி. அமைத்தபோது அதில் ஒரு தமிழர் கூட இல்லை, ஒரு முஸ்லிம் கூட இல்லை. புத்த பிக்குகள் இருந்தார்கள். மரபுக்கும் துப்பாக்கிக்கும் இடையில் திரை எதையும் போடவில்லை. அந்த வகையில் நேர்மையான ஆட்கள்.

விருதுநகர் மாவட்டத்து ஆளுக்கு அய்யனார் என்றால் யாரென்று சொல்ல வேண்டாம். கண்மாய்க்கரை, குதிரை, அரிவாள். அதுபோல ஊர்ச் சனம் கும்பிடும் ஆதிலிங்கேஸ்வரர்தான் வவுனியா வடக்கில் வெடுக்குநாறி மலையில் இருந்தார். அங்கே ஆகம விதியும் இல்லை, பெரிய கோபுரமும் இல்லை. சுற்றுவட்டாரத்து விவசாயிகள் போய்ப் பொங்கல் வைத்துக் கும்பிட்ட மலை. தொல்லியல் துறை அதைத் தன் கைக்குள் எடுத்துக்கொண்டது. 2023இல் சிலைகளை யாரோ பிடுங்கி எறிந்தார்கள். 2024 மார்ச் 8, சிவராத்திரி இரவு, பூஜை செய்துகொண்டிருந்தவர்களைப் போலீஸ் இழுத்துப்போய் எட்டுப் பேரைச் சிறையில் வைத்தது. பத்து நாளுக்கு மேல் உள்ளே கிடந்து, வவுனியா நீதிமன்றம் விடுவித்துத்தான் வெளியே வந்தார்கள். அந்த மலையில் காப்பாற்ற வேண்டியது கல் அல்ல. ஒரு வயதான ஆள் சாயங்காலம் ஏறிப்போய்ச் சூடம் கொளுத்திவிட்டு இறங்கும் வழக்கம்தான் அங்கே மரபு. அவரைக் கைது செய்தால் அந்த மரபையே கைது செய்ததாகிறது.

இதற்கும் மேலே ஒன்று உண்டு. செத்தவர்களுக்கு அழுவது.

நவம்பர் 27இல் விளக்கேற்றுவது 1989இல் தொடங்கிய வழக்கம். புலிகளின் அரசியல் மேல் எனக்கு உள்ள விமர்சனம் இந்தத் தளத்தைப் படிக்கிறவர்களுக்குத் தெரியும், பின்னால் மறுபடி வருகிறேன். ஆனால் பெற்ற பிள்ளையின் குழியருகே தாய் ஒரு சுட்டியில் எண்ணெய் ஊற்றித் திரி போடுவதை எந்த அரசியலும் அபகரிக்க முடியாது. 2009க்குப் பிறகு துயிலும் இல்லங்களைப் புல்டோசர் விட்டு நிரவினார்கள். கோப்பாயில் அந்தப் பிணங்களின் மேலேயே 51ஆவது படைப்பிரிவின் தலைமையகத்தைக் கட்டினார்கள். முள்ளிவாய்க்காலில் கடைசி நாட்களில் சனம் உயிர் பிடித்துக் கிடந்தது அரிசியும் தண்ணீரும் உப்பும் போட்ட கஞ்சியில். அந்தக் கஞ்சியை மே மாதம் காய்ச்சிச் சிரட்டையில் ஊற்றித் தெருவில் எல்லோருக்கும் கொடுப்பது பதினைந்து வருஷத்துக்குள் வளர்ந்த ஒரு வழக்கம். மரபுக்கு ஆயிரம் ஆண்டு வயதாக வேண்டும் என்று நினைக்கிறவர்கள் இதைப் பார்க்க வேண்டும். மரபு பிறப்பதை நம் கண்ணாலேயே பார்த்தோம். 2024 மே மாதம் திருகோணமலை மாவட்டம் சேனையூரில் இந்தக் கஞ்சியைக் கொடுத்ததற்காக மூன்று பெண்கள் உட்பட நாலு பேரைக் கைது செய்தார்கள். உப்புக் கஞ்சி. அதைப் பார்த்து ஒரு அரசு பயந்தது.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் மாணவர்கள் கட்டிய முள்ளிவாய்க்கால் நினைவுத் தூணை 2021 ஜனவரி 8 இரவில் இடித்தார்கள். மாணவர்கள் பட்டினி கிடந்தார்கள், தமிழ்நாட்டிலும் கொதிப்பு எழுந்தது, சில மாதங்களில் திரும்பக் கட்டப்பட்டது. வெற்றிதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கல்லைத் திருப்பிக் கொடுப்பது அரசுக்குச் சுலபம். சிமெண்டும் கம்பியும்தானே. திருப்பிக் கொடுக்க முடியாதது கூடும் உரிமை. 2024 நவம்பரில் கொழும்பில் புதிய அரசு வந்தபின் வடக்கிலும் கிழக்கிலும் பெரிய கூட்டமாக விளக்கேற்ற முடிந்தது. "அனுமதித்தார்கள்" என்று நம் பத்திரிகைகள் எழுதின. அந்தச் சொல்லை இரண்டு முறை படியுங்கள் தோழர்களே. அதே வாரத்தில் சமூக வலைத்தளத்தில் படம் போட்ட சிலரைப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் பிடித்தார்கள். விளக்கேற்ற விடுவதும் அவன், பிடித்துப் போவதும் அவன். அனுமதியில் நிற்கும் மரபு, குத்தகை நிலம் மாதிரி. எப்போது வேண்டுமானாலும் பிடுங்கலாம்.

இங்கேதான் நம் ஊருக்கு வருகிறேன். ஈழத்தைப் பற்றி மேடையில் கண்ணீர் விடுகிற நண்பர்களே, செப்டம்பர் 11 அன்று எங்கே இருக்கிறீர்கள்?

தியாகி இம்மானுவேல் சேகரனை 1957 செப்டம்பர் 11 அன்று பரமக்குடியில் வெட்டிக் கொன்றார்கள். ஆண்டுதோறும் அன்றைக்குத் தென்மாவட்டத்துச் சேரிகளெல்லாம் பரமக்குடிக்குக் கிளம்பும். சிவகாசி, சாத்தூர், அருப்புக்கோட்டைப் பக்கமிருந்தும் போவார்கள். முளைப்பாரி உண்டு, பால்குடம் உண்டு, பொங்கல் உண்டு, கொட்டு உண்டு. குலசாமி கும்பிடும் அதே உடம்போடு ஒரு அரசியல் போராளியைக் கும்பிடும் நாள். இதைவிடத் துல்லியமான அருவ மரபு தமிழ்நாட்டில் எது? இந்த மரபை அரசு எப்படி நடத்துகிறது? முன்பு 144, இப்போது பெயர் மாற்றி 163. வாடகை வண்டி கூடாது, சொந்த வண்டிக்கு அனுமதிச்சீட்டு, இருசக்கர வண்டி கூடாது, போலீஸ் குறித்துக் கொடுத்த பாதையில்தான் வரவேண்டும். சொந்த வண்டி வைத்திருக்கிற சேரி எத்தனை? வேனை வாடகைக்குப் பிடிக்காதே என்பது நீ வராதே என்பதன் மரியாதையான வடிவம். 2011இல் அந்த நாளில் பரமக்குடியில் துப்பாக்கிச்சூடு நடத்தி ஆறு தலித்துகளைக் கொன்றார்கள். அழப் போன இடத்தில் செத்தார்கள்.

2023இல் தமிழக அரசு அவருக்கு மணிமண்டபம் அறிவித்தது. மகிழ்ச்சி. கல் கொடுத்தார்கள். பாதையைக் கொடுப்பார்களா?

யாழ்ப்பாணத்தையும் பரமக்குடியையும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. அங்கே இனப்படுகொலை, படைமுகாம், பறிக்கப்பட்ட நிலம். இங்கே தேர்தல், ஒதுக்கீடு, வன்கொடுமைத் தடுப்புச் சட்டம். அளவும் வேறு, அரசும் வேறு. ஆனால் துக்கத்துக்கு அனுமதிச்சீட்டு கேட்கும் மூளை ஒன்றுதான். ஈழத்து நினைவு இங்கே வந்தாலும் அதே மூளைதான் அதைச் சந்திக்கிறது. தஞ்சை விளாரில் முள்ளிவாய்க்கால் முற்றம் திறந்த சில நாளில், 2013 நவம்பரில், சுற்றுச்சுவரை இடித்தது சிங்களப் படையா? தமிழக அரசு. 2017 மே மாதம் மெரினாவில் மெழுகுவத்தி ஏற்ற வந்தவர்களைக் குண்டர் சட்டத்தில் போட்டது கொழும்பா? சென்னை. உயர்நீதிமன்றம் ரத்து செய்ய செப்டம்பர் ஆனது.

இனி என் சனத்தின் பக்கத்தைப் பேசுகிறேன், இதைத்தான் உணர்வாளர்கள் கேட்க விரும்புவதில்லை. பறையைப் பட்டியலில் ஏற்ற வேண்டும் என்கிறீர்கள். எந்தப் பறையை? அலங்காநல்லூர் வேலு ஆசான் மேடையில் நின்று அடித்து 2025இல் பத்மஸ்ரீ வாங்கிய பறை ஒன்று. திண்டுக்கல் சக்தி கலைக்குழுவின் பெண்கள் நிமிர்ந்து நின்று அடிக்கும் பறை ஒன்று. ஊர்த்தெருவில் சாவு விழுந்ததும் "தப்பை எடுத்துக்கிட்டு வாடா" என்று ஆள் வரும் பறை இன்னொன்று. போகாவிட்டால் கடையில் சாமான் கிடையாது, வயலில் வேலை கிடையாது, சில ஊரில் அடி. இந்த மூன்றையும் ஒரே பெயரில் "மரபு" என்று எழுதி விண்ணப்பம் போட்டால் மூன்றாவது பறைக்கு உலகச் சான்றிதழ் வாங்கிக் கொடுத்தவர்கள் ஆவீர்கள். மட்டக்களப்பிலும் இதே கதைதான். கோயில் திருவிழாவுக்கும் சாவுக்கும் பறைமேளம் அடிப்பது ஒரு சாதியின் மேல் சுமத்திய கடமை. அந்தச் சமூகத்துப் பிள்ளைகள் படித்ததும் பறையைக் கீழே வைத்தார்கள். "கலை அழிகிறது" என்று வெளியே இருந்தவர்கள் கவலைப்பட்டார்கள். அழியட்டும் என்று அந்தப் பிள்ளைகள் முடிவெடுத்தால் அது அவர்கள் உரிமை. பிறகு அவர்களாக எடுத்து வேறு இடத்தில், வேறு தோரணையில் அடித்தால் அதுவும் அவர்கள் உரிமை.

உடன்படிக்கையிலேயே, மனித உரிமைகளோடு ஒத்துப்போகிற மரபை மட்டும்தான் கணக்கில் கொள்வோம் என்று இருக்கிறது. சும்மா எழுதியதல்ல. பெல்ஜியத்தில் ஆல்ஸ்ட் நகரத்துத் திருவிழாவில் யூதர்களைக் கேலி செய்யும் உருவங்களைத் தூக்கிப் போனார்கள் என்பதற்காக 2019இல் அதைப் பட்டியலிலிருந்தே நீக்கினார்கள். அந்த அளவுகோலைக் கொண்டு நம் ஊர்த் தேர்த் திருவிழாக்களை அளந்தால் எத்தனை தேறும்? கண்டதேவித் தேரின் வடத்தைத் தலித்துகள் தொடக் கூடாது என்று எத்தனை ஆண்டு தேரையே நிறுத்தி வைத்தார்கள்!

ஈழத்திலும் ஆக்கிரமிப்பு ஒரு மாடி வீடு மாதிரி. மேல் மாடியில் ராணுவம். கீழே வெள்ளாளக் கோயில் கதவு. மாவிட்டபுரம் கந்தசாமி கோயிலுக்குள் நுழைய 1968இல் பஞ்சமர்கள் வாசலில் கிடந்தபோது உள்ளே நின்று தடுத்தவர்கள் தமிழர்கள். அந்தப் போராட்டத்திலிருந்து 'கந்தன் கருணை' என்று ஒரு நாடகமே பிறந்தது. ஈழத்துக் கலை மரபைப் பேசுகிறவர்கள் அதையும் சேர்த்துத்தான் பேச வேண்டும். வலிகாமம் வடக்கில் 1990இல் ராணுவம் உயர்பாதுகாப்பு வலயம் போட்டு ஊர்களைக் காலி செய்தது. காசும் காணியும் உள்ளவர்கள் கொழும்புக்கும் கனடாவுக்கும் போனார்கள். இருபது முப்பது வருஷம் முகாமிலேயே கிடந்தவர்களில் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட சாதிகள். அதே 1990 அக்டோபரில் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றினார்கள், யாழ்ப்பாண நகரத்தில் இரண்டு மணி நேர அவகாசம். சோனகத் தெருவின் பெருநாளும் பாட்டும் சமையலும் மரபு இல்லையா? அதை அழித்தது சிங்கள ராணுவம் அல்ல. ஈழத்து மரபைக் காக்கப் புறப்படுகிறவர்கள் இந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டுப் புறப்பட்டால் நானும் என் தோழர்களும் கூட வரமாட்டோம்.

அப்படியானால் என்னதான் செய்வது என்கிறீர்கள். பட்டியலை விட்டுவிட்டுப் பக்கத்தில் பாருங்கள். குல்லூர்சந்தையிலும் அனுப்பன்குளத்திலும் ஈழத்து அகதி முகாம்கள் இருக்கின்றன. பட்டாசு ஆலைக்கு மேற்கொண்டு நாலு மைல் போனால் போதும். 2021இல் 'மறுவாழ்வு முகாம்' என்று பெயர் மாற்றினார்கள். நல்ல பெயர். மூன்றாம் தலைமுறை அங்கே பிறந்து பள்ளிக்கூடம் போகிறது. குடியுரிமை இல்லை, 2019 சட்டத்தில் இவர்களுக்கு இடம் வைக்கவில்லை. கணக்கெடுப்புக்கு வந்து நிற்க வேண்டும், கியூ பிரிவின் கண் எப்போதும் உண்டு. முகாமிலும் பொது இடத்தில் கூடி அழுவதென்றால் யோசிப்பார்கள். கதவைச் சாத்தி வீட்டுக்குள் விளக்கு வைக்கிறவர்கள் உண்டு. மன்னாரிலும் வவுனியாவிலும் அவர்களின் தாத்தாக்கள் ஆடிய கூத்தின் பாட்டு யார் நினைவிலாவது இருக்கிறதா என்று இத்தனை வருஷத்தில் எந்தப் பண்பாட்டுத் துறை போய்க் கேட்டது? வெம்பக்கோட்டையில் மண்ணுக்குள் இருக்கும் சங்கு வளையலை 2022இலிருந்து தோண்டி எடுக்கிறோம், பெருமைப்படுகிறோம். மண்ணுக்கு மேல் மூச்சுவிட்டுக்கொண்டிருக்கும் கிழவியின் ஒப்பாரிக்கு ஒரு ஒலிப்பதிவுக் கருவி கொண்டுபோக ஆளில்லை.

கொண்டுபோவதற்கு முன்னால் அவளிடம் கேட்கவும் வேண்டும். ஒப்பாரி அவள் சொத்து. வெளியே போவதா வேண்டாமா என்பதை அவள் சொல்லட்டும். அவள் பாடினதைக் கேட்டுவிட்டுப் போலீஸ் வந்தால் நாம் யார் அவளுக்குப் பக்கத்தில் நிற்கப் போகிறோம் என்பதை முதலில் முடிவு செய்துகொண்டு போக வேண்டும்.

செப்டம்பர் 11க்கு வண்டி அனுமதி கேட்டு எங்கள் ஊர்களில் ஆகஸ்டிலேயே மனு எழுத ஆரம்பித்துவிடுவோம். இந்த ஆண்டு விருதுநகர் ஆட்சியர் அலுவலகத்துத் திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் அந்த மனுவோடு இன்னொன்றையும் வைக்கப் போகிறோம். முகாம் மக்கள் தங்கள் செத்தவர்களுக்காகக் கூட, விளக்கேற்ற, கஞ்சி காய்ச்சிக் கொடுக்க எந்தப் பிரிவின் அனுமதியும் தேவையில்லை என்று எழுத்தில் கொடுங்கள் என்பது அந்த மனு. முகாம்காரர்கள் பெயர் அதில் இருக்காது, அவர்களை மாட்டிவிட நாங்கள் தயாரில்லை. எங்கள் பெயர் இருக்கும். பறையை யுனெஸ்கோவுக்கு அனுப்பத் துடிக்கிற நண்பர்கள் அதில் முதலில் கையெழுத்துப் போட்டுவிட்டு வாருங்கள், மற்றதை அப்புறம் பேசலாம்.

ஜெய் பீம்.